படித்துக் காட்டப்பட்டது

நீதிமன்றத்தில் முப்பத்திரண்டு வருடம் சாட்சிகள் சொன்னதைத் தட்டச்சு செய்த டைப்பிஸ்ட் அம்மா, ஓய்வு பெற்ற மறுவாரமே கதை எழுத உட்கார்ந்தார். புதுப் பைத்தியம் இல்லை, பழையதுதான். கல்யாணமான புதிதில் ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தார். கணவரின் அக்கா அதைத் தூக்கி வெந்நீர் அடுப்பில் போட்டதோடு எழுத்துக்கு முழுக்குப் போட்டவர்.

இப்போது எழுதியது அந்த அடுப்புக் கதையைத்தான். நாத்தனாரின் பெயரை மாற்றி, கன்னத்தில் ஒரு மருவையும் இலவசமாகக் கொடுத்திருந்தார். படித்த கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா கண்ணுல படாம பத்திரிகைக்கு அனுப்பிடு. பட்டுச்சோ, நம்ம கதை கந்தல்தான்."

புத்தியுள்ளவர் அப்படித்தான் செய்வார். ஆனால் பழகிய கை சும்மா விடுமா? சொன்னவருக்குப் படித்துக் காட்டி, சரி என்று கையெழுத்து வாங்காமல் எந்த வாக்குமூலத்தையும் அவர் கோப்பில் சேர்த்ததில்லை. உறையை ஒட்ட மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்து உட்கார்ந்ததும், "அண்ணி, ஒண்ணு படிக்கிறேன், கேளுங்க" என்று ஆரம்பித்தேவிட்டார். துணி எடுக்கப் போகிறேன் என்று கணவர் மாடிக்கு ஓடினார். அன்று துணியே துவைக்கவில்லை.

ஏற்ற இறக்கமில்லாத கோர்ட் குரலில் படித்துக்கொண்டே போனார். மரு வந்த இடத்தில் நாத்தனார் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். அடுப்பு வந்ததும் படிக்கிறவர் வேகத்தைக் கூட்டினார். அண்ணி கூடாது என்றால் இந்தக் கதையும் போச்சு. மூன்றாவது தடவை எழுத அவருக்குத் தெம்பில்லை.

"நிறுத்து. இது தப்பு."

"எது அண்ணி?"

"எனக்கு ஏது மரு? சரி, அது கெடக்கட்டும். படிக்காமலே எரிச்சேன்னு எழுதியிருக்க பாரு, அது பச்சைப் பொய். ஒரு வரி விடாம படிச்சிட்டுத்தான் எரிச்சேன்."

திருத்துவதற்காக எடுத்த பேனா அப்படியே நின்றது. அந்த நோட்டை ஒருவரும் படிக்கவில்லை என்றுதான் முப்பத்தைந்து வருடமாக நினைத்திருந்தார். கோபம் வரவேண்டிய நேரத்தில் வெட்கமே இல்லாமல் ஆசை வந்தது.

"எப்படி இருந்துச்சு அண்ணி?"

நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதுலயும் நான்தானே இருந்தேன், அச்சு அசலா. நல்லா இல்லாட்டி எதுக்குடி எரிக்கப்போறேன்?"