பிரேக் டீச்சர் பெரிய வண்டி பார்க்கப் போன கதை

பிரேக் டீச்சருக்கு எப்போதும் வலதுகால் செருப்புதான் முதலில் தேயும். செருப்புக் கடைக்காரர் அவளுக்கு மட்டும் ஒற்றைச் செருப்பு விற்பதாக அந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவளுக்கு வேலை. ஓட்டுபவருக்கு இடதுபுறம் உட்கார்ந்திருப்பாள். பழக வந்தவர்கள் மரத்தைக் கண்டு பாசத்தோடு அதை நோக்கிப் போகும்போதெல்லாம், தன் காலடியில் உள்ள இரண்டாவது பிரேக்கை மிதித்து மரத்தையும் மனிதரையும் காப்பாற்றுவாள். வேலை முடிந்தாலும் கால் முடித்துக்கொள்வதில்லை. பல் டாக்டரின் நாற்காலியில் மிதிக்கும். சினிமாவில் கார் வேகமாகப் போனால் முன்வரிசைக்காரரின் முதுகை மிதிக்கும். தூக்கத்தில் வாங்கிய மிதி தாங்காமல் அவள் புருஷன் மெத்தையின் நடுவே இரண்டு தலையணையைப் போட்டு, சாலைத் தடுப்பு மாதிரி எல்லை கட்டிவிட்டார்.

எதையும் நிறுத்தத் தெரிந்த அந்தக் காலால் ஒன்றை மட்டும் நிறுத்த முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வந்து நிற்கும் தங்கையின் எஸ்யூவியை.

தங்கைக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவளே டீச்சர்தான். ஆனால் பாடம் ஒட்டவில்லை. தங்கை தபால் பெட்டியை இடித்துவிட்டு, அதனிடம் ஸாரி சொல்லிவிட்டு வந்தவள். இவள் எதை இடித்தாலும் இவளுக்கு எதுவும் ஆகக்கூடாது என்றுதான் அவள் புருஷன் ஒரு குட்டி லாரி உயரத்துக்கு அந்த வண்டியை வாங்கிக் கொடுத்தார்.

வாங்கட்டும். அதில் டீச்சருக்கு வருத்தமில்லை. அப்பாவால்தான் வருத்தம்.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா டீச்சர் வீட்டில்தான் இருக்கிறார். கண் டாக்டரிடம், முடிவெட்டும் கடைக்கு, மருந்துக் கடைக்கு என்று வாரம் முழுவதும் அவரை அழைத்துப் போவது பள்ளியின் பெயர் எழுதிய பலகையைத் தலையில் சுமந்த அவளுடைய சின்ன கார். அதில் அவர் பார்சல் மாதிரி வருவார். ஏறியதும் டீச்சர் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "கால மடக்கி வெச்சுக்கோங்கப்பா, பிரேக்ல படும்." அவரும் மடக்கிக்கொள்வார். இரண்டாவது திருப்பத்தில் தூங்கிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதே மனிதர் வேறு ஆள். இஸ்திரி போட்ட சட்டை. மேஜை இழுப்பறையிலிருந்து பழைய விசிலை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார். காபியைக்கூட நின்றபடி குடிப்பார். தங்கையின் வண்டி வந்ததும் துள்ளி ஏறுவார். திரும்பி வரும்போது முகம் பரீட்சையில் முதல் வகுப்பு வாங்கிய முகம்.

டீச்சருக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலைக் குழாய் வைத்து அடுப்புக்குக் கொண்டுபோயிருந்தால் வீட்டில் கேஸ் செலவே இருந்திருக்காது. "உயரமா உக்காந்து பழகிட்டாரு. நம்ம வண்டி இப்ப அவருக்குத் தீப்பெட்டி" என்று புருஷனிடம் புலம்பினாள். குடும்பத்துக்குப் பெரிய வண்டிதான் வேண்டும் என்று அவளே முடிவும் செய்துவிட்டாள். புருஷன் தலையணைக்கு அந்தப்பக்கமிருந்து "சரிம்மா" என்றார்.

ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. அப்பாவை அழைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனால், வாசலில் தங்கை பல்லெல்லாம் தெரிய நிற்கிறாள்.

"நீ எங்கடி இங்க?"

"அப்பா போன் பண்ணாரு, அக்கா. நல்ல வண்டியா பாத்து எடுக்கணும்ல? என்கிட்ட ஒண்ணு இருக்கறதால எனக்குத் தெரியும் பாரு."

பாரு என்ற அந்த ஒரு சொல்லில் டீச்சருக்கு எரிச்சல் தொண்டை வரை ஏறியது.

டை கட்டிய விற்பனையாளர் ஓட்டுநர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். டீச்சர் நேராக மறுபக்கம் போய், இடது இருக்கையில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "ம், கண்ணாடிய சரிபண்ணுங்க. கியர் நியூட்ரலானு பாருங்க" என்றாள்.

"மேடம், ஓட்டப் போறது நீங்களா, நானா?"

தங்கை சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். டீச்சர் இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, வலதுபக்கம் ஏறினாள். அப்பா அவள் பக்கத்தில். தங்கையும் விற்பனையாளரும் பின்னால்.

ஓட்டினாளே ஓட்டு! எண்ணெய் வழிகிற மாதிரி ஓட்டினாள். குழி வந்த இடத்தில் குழிக்கே தெரியாமல் தாண்டினாள். முன்கண்ணாடியோரம் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. கடைசிவரை அது இறக்கையை அசைக்கவில்லை. "இந்த மாதிரி யாரும் ஓட்டிப் பாத்ததில்ல மேடம்" என்று விற்பனையாளர் உருகினார்.

"எப்படிப்பா இருக்கு?" என்று பெருமையோடு திரும்பினாள்.

அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். கால்கள் மடங்கியிருந்தன. கீழே பிரேக் இல்லாத வண்டியிலும்!

டீச்சர் ஓரமாக நிறுத்தினாள். நேரம் காலம் தெரியாத விற்பனையாளர், "சின்ன மேடமும் ஒரு ரவுண்டு பாக்கறீங்களா?" என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் தங்கை இருக்கை மாறியிருந்தாள். டீச்சர் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

தங்கை வண்டியை எடுத்த முதல் குலுக்கலிலேயே ஈ பறந்துவிட்டது. அப்பா கண்ணைத் திறந்தார். நிமிர்ந்தார். கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டினார்.

"லெஃப்ட்ல ஸ்கூட்டர்டி! நில்லு நில்லு... போகட்டும். இப்ப வா. வரலாம், வரலாம், இன்னும் வரலாம்... ஒடி, நல்லா ஒடி! ஏய், அது பூந்தொட்டி! ரைட், போலாம்!"

கதவை வெளியிலிருந்து இரண்டு தட்டு. சந்து முனையில் பையிலிருந்து விசில் வெளியே வந்தது. ஒரே ஊதலில் எதிரே வந்த தண்ணீர் லாரி தானாகப் பின்வாங்கியது. அப்பாவின் முகத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை முகம்.

பின்இருக்கையில் டீச்சரின் வலதுகால் தரையை ஓட்டையாக்கிக்கொண்டிருந்தது. விற்பனையாளர் கைப்பிடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் களேபரத்தின் நடுவில்தான் அவளுக்கு விளங்கியது. உயரமும் இல்லை, ஒன்றும் இல்லை. தங்கை வண்டியில் அப்பாவுக்கு வேலை இருக்கிறது. தன் வண்டியில் ஒரு வேலையும் இல்லை. காலைக்கூட மடக்கி வை என்றல்லவா சொல்லிவந்திருக்கிறாள்!

இவ்வளவு நாளும் வண்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள், இப்போது வாழ்க்கையில் முதல்முறையாக ஒருத்தியின் மோசமான ஓட்டத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். இது முன்னதைவிட அதிகமாக எரிந்தது.

ஷோரூமுக்குத் திரும்பியதும் விற்பனையாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "புக் பண்ணிடலாமா மேடம்?" என்றார்.

"அப்புறம் சொல்றேன்."

வெளியே தங்கை தன் வண்டிக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். "அப்பா, என்கூட வாங்க. கால நீட்டி உக்காரலாம்." அப்பாவும் அந்தப் பக்கம் திரும்பினார்.

டீச்சர் தன் சின்ன காரில் ஏறினாள். பின்னால் ஒரு தூண். அதற்கும் காருக்கும் நடுவில் கப்பலைத் திருப்பலாம்.

"அப்பா, பின்னாடி தூண் இருக்கு. எனக்குச் சரியாத் தெரியல. கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

தங்கையின் வாய் திறந்தபடி நின்றது. "உனக்கா தெரியல?"

அப்பா இரண்டு வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காருக்குப் பின்னால் போய்க் கையை உயர்த்தினார். டீச்சர் கிளச்சைப் படக்கென்று விட்டாள். கார் விக்கி, குலுங்கி, அணைந்துபோனது. மாணவர்களாக இருந்தால் கொன்றிருப்பாள்.

"என்னடி இது! ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கற, தூண் தெரியலயா? வா, மெதுவா வா. வரலாம்... நில்லு!" காரின் முதுகில் இரண்டு தட்டு. முன்னால் வந்து இடது கதவைத் திறந்தார். "சின்னவளே, நீ போம்மா. இவளத் தனியா விட்டா சரிப்படாது."

உட்கார்ந்தவர் வழக்கம்போலக் காலை மடக்கினார்.

"நீட்டி வெச்சுக்கோங்கப்பா. அவசரம்னா நீங்களே பிரேக்க மிதிங்க."

அவருக்கு வழியெல்லாம் அவசரமாகவே இருந்தது. புறாவுக்கு மிதித்தார். பறந்த காகிதத்துக்கு மிதித்தார். பச்சை விளக்குக்கும் ஒரு மரியாதைக்கு மிதித்தார். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை இறுக்கினாள். ஒவ்வொரு மிதிக்கும் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த பெரிய வண்டியிலிருந்து ஒரு ஹாரன், ஒவ்வொன்றும் முன்னதைவிட நீளம்.

"யாருடி அது, வயிறு எரியற மாதிரி அடிக்கறது?" என்றார் அப்பா.

கண்ணாடியில் தங்கையின் முகத்தை ஒருதரம் நன்றாகப் பார்த்துவிட்டு, "யாரோப்பா. நீங்க லெஃப்ட்ட பாருங்க" என்றாள் டீச்சர்.