முதலில் சொல்லும் பெயர்

1991 மார்ச் 12, செவ்வாய். வழக்கம்போல் ஆறு மணிக்கு ஜெபித்து, ஏழரைக்கு மானிப்பாய் ஆஸ்பத்திரியில் மனைவிக்குத் தேநீர் கொடுத்தேன்.

பக்கத்துக் கட்டில் நோயாளியின் தாய், மெலிந்த நரைத்த பெண், பாண் ரொட்டியைப் பிய்க்குமுன் கண்மூடி வீட்டாரின் பெயர்களைச் சொல்லி ஜெபித்தார். நேற்றும் இன்றும் “மச்சாள்” என்று மைத்துனியின் பெயரே முதலில் வந்தது.

“மச்சாளிலை அவ்வளவு பாசமோ?” என்றேன்.

“பாசமோ! மூண்டு வருசமாக் கதைபேச்சில்லை அண்ணை. கடைசியாச் சொல்லுவமெண்டால், பசியிலை அவவை விட்டிட்டுச் சாப்பிட்டிடுவன். அதுதான் முதல்லையே சொல்லிப்போடுறது.”

சிரித்தபடி எனக்கும் பாதிப் பாண் நீட்டினார். எல்லை வேலிக்காகத் தமையனோடு சண்டை போட்ட பிறகு என் ஜெபத்தில் அவர் பெயரே இல்லை என்பது அதை வாங்கும்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முதலில் அந்தப் பெயரைச் சொன்னேன். அடுத்த பெயருக்குப் போக வெகுநேரமாயிற்று.