கரிக்குருவியின் அச்சு

மந்தாரக்குப்பம் சாலையோரத் தகரக் கொட்டகையில் காந்திமதியும் அவள் கணவர் கண்ணையனும் பைபர் வேலை செய்தார்கள்; அச்சில் கண்ணாடி இழையை விரித்து, ரெசின் என்ற பசையைப் பூசிக் காயவைத்து எடுக்கும் வேலை. அனல்மின் நிலையத்து அமிலத் தொட்டிகளுக்கு உட்பூச்சுப் போடும் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தவர் கண்ணையன். பர்மனென்ட் ஆகும், ஆகும் என்று காத்திருந்து சலித்துப்போய்ச் சொந்தத் தொழிலுக்கு வந்தார். தண்ணீர்த் தொட்டி, கழிவறைக் கதவு, திருவிழாவுக்குக் குதிரை என்று எது கேட்டாலும் செய்வார்கள்.

ஒரே மகள் இசைப்பிரியா, அனல்மின் நிலைய நகரியத்துப் பள்ளியில் படிக்கும்போது என்.சி.சி. கேம்ப்புக்குப் புதுச்சேரி போய்ப் பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொண்டாள். அதற்குப் பிறகு சனி, ஞாயிறு வந்தால் அவளை வீட்டில் பிடித்து வைக்க முடியவில்லை; புதுச்சேரிக்குப் பயிற்சிக்கு ஓடிவிடுவாள். ஆனால் அங்கிருந்த படகுகள் பெரிய உடம்புக்காரர்களுக்கானவை. காற்று ஏறினால் படகு சாயும். ஓட்டுகிறவர் மறுபக்கம் வெளியே சாய்ந்து தன் எடையால் அதை நிமிர்த்த வேண்டும். இசைக்கு அந்த எடை இல்லை. பந்தயத்தில் கவிழ்ந்து கவிழ்ந்து கடைசியாகத்தான் வந்தாள்.

"என் ஒடம்புக்கு ஏத்த மாதிரி ஒண்ணு செஞ்சி குடேன்பா."

"தொட்டி செய்யறவன்கிட்ட கப்பல் கேக்குது பாரு!" என்று சிரித்த கண்ணையன், மறுவாரமே அவளோடு புதுச்சேரி போய்ப் படகுகளைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார்.

முதல் படகு, தொட்டி செய்த பழக்கத்தில் தடிமனாகிவிட்டது. தண்ணீரில் எருமை மாதிரிக் கிடந்தது. இரண்டாவதை மெல்லிசாகப் போட்டார். பாய்மரம் ஊன்றிய இடத்தில் விரிசல் விட்டது.

"ஏங்க, நடுவுல தெர்மாகோல் வச்சி ரெண்டு பக்கமும் மெல்லிசா போட்டா?" என்று கேட்டாள் காந்திமதி.

"ரெசின் பட்டா அது கரைஞ்சிடும். ஆனா கரையாத நுரைப்பலகை கெடைக்குது."

சென்னையிலிருந்து அதை வரவழைத்தார். அலைமேல் வழுக்கிப் போகும்படி அடிப்பகுதியைத் தட்டையாக்கி, பாயைச் சின்னதாக்கிப் புது அச்சு செய்தார். மூன்றாவது படகு பிறந்தது. மிச்சமிருந்த கறுப்பு நிறத்தைப் பூசினார்கள். இசை தன் கையால் பின்பக்கம் 'கரிக்குருவி' என்று எழுதினாள்.

"யம்மா, அலைமேல வழுக்கிகினே போவுதும்மா!" என்று போனில் கத்தினாள். அந்த வருஷப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தாள்.

ஐப்பசி மழைக்குப் பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரைக்கு அடங்கிவிடும் என்றுதான் நினைத்தார்கள். அடங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மறுநாள் போய்விட்டாள். பத்தொன்பது வயது.

காரியம் முடிந்து கொட்டகையைத் திறந்த அன்று, கண்ணையன் சம்மட்டியை எடுத்து அந்த அச்சை உடைத்தார். காந்திமதி வாசலில் நின்று பார்த்தாள். தடுக்கவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேலாகியிருக்கும். இசைக்குப் பயிற்சி கொடுத்த சங்கரலிங்கம் தேடி வந்தார்.

"கரிக்குருவிய இப்ப ரெண்டு சின்னப் பொண்ணுங்க மாத்தி மாத்தி ஓட்டறாங்கம்மா. இன்னும் ரெண்டு மூணு இருந்தா நல்லாருக்கும்."

கண்ணையன் எழுந்து வெளியே போனார்.

"அச்சு இல்லீங்க சார்," என்றாள் காந்திமதி. அவர் போன வாசலைப் பார்த்துவிட்டு, "படகக் கொண்டாங்க. அதுலேருந்தே எடுக்கலாம்," என்றாள்.

லோடு ஆட்டோவில் படகு வந்தது. கவிழ்த்து வைத்துப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அச்சு எடுக்க மேற்பரப்பு கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். ஒரு கீறல் இருந்தாலும் அது ஒவ்வொரு படகிலும் விழும். படகின் வயிறெல்லாம் இசையின் கீறல்கள். கல்லில் உரசிய தடம். அவளே அவசரமாகப் போட்ட ஒட்டு. அதில் ரெசின் காயுமுன் அழுத்திப் பார்த்த விரல் ரேகை. அவள் எழுதிய பெயர்.

உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

கண்ணையன் வந்து கையைப் பிடித்தார். "வேணாம் காந்தி. உட்டுடு."

"நீங்க ஒடச்சப்ப நான் ஒண்ணும் சொல்லல இல்ல? என்ன உடுங்க."

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். அவள் பெயரைத் தேய்த்தாள். தடங்களைத் தேய்த்தாள். அந்த விரல் ரேகையின் மேல் தன் விரலை வெகுநேரம் வைத்திருந்துவிட்டு, அதையும் தேய்த்தாள்.

புதுப் படகுகள் மூன்றை வெள்ளையில் செய்து, கரிக்குருவிக்கு மறுபடி கறுப்பே பூசிக் கொடுத்தார்கள். பந்தயம் பார்க்கச் சங்கரலிங்கம் கூப்பிட்டபோது கண்ணையன் வரவில்லை. காந்திமதி மட்டும் போனாள். நான்கும் கடலில் இருந்தன. கறுப்பு ஒன்று முன்னால் வழுக்கிக்கொண்டு போனது. அதில் இருந்த பெண்ணின் முகம் கரையிலிருந்து தெரியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நிற்க அவளால் முடியவில்லை. பந்தயம் முடியுமுன்பே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.