செல்வி சொன்ன இடம்

மகன் புது ஸ்பீக்கர்களை ஹாலில் இங்குமங்கும் நகர்த்தினான். அந்த உரசல் சத்தம் என்னைச் சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த மண்ணூர்பேட்டைக்குக் கொண்டுபோய்விட்டது.

அங்கே பக்கத்து வீட்டு செல்வியின் அப்பா ஸ்டீரியோ வாங்கியிருந்தார். அவளை நடுவில் உட்காரவைத்து, ஸ்பீக்கரை நகர்த்தி நகர்த்தி, "இப்போ எப்டி கீது கண்ணு?" என்று கேட்பார். அவள் சொன்ன இடத்தில்தான் வைப்பார். என் அப்பா என்னிடம் எதையுமே கேட்டதில்லை. வாசலில் நின்ற எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டு அவர்கள் வெளியே போனார்கள். நான் உள்ளே போய் ஒரு ஸ்பீக்கரைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தேன்.

அவர்கள் திரும்பியதும் சாவியைக் கொடுக்கப் போனேன். செல்வியின் அப்பா ஸ்பீக்கரைப் பார்த்து, "யாரு இப்டி வச்சது?" என்றார்.

செல்வி என்னைப் பார்த்தாள். "போறதுக்கு முன்னாடி நான்தான் வச்சேன் நைனா. இப்டித்தான் நல்லா கீது."

"அப்டியா? சரி, இருக்கட்டும்."

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். ஆனாலும், அவள் பொய்யைக்கூட அவர் கேட்டுக்கொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.