கான்சோ வீட்டு மீன் முப்பத்தொன்று

எங்கள் ஒனோமிச்சித் துறைமுகத்தில் மீன் வாங்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் கான்சோ கடைக்குத்தான் போவார்கள். அவர் மீனைக் கையில் தூக்கவே மாட்டார். கண்ணைப் பார்த்தே இது எந்தத் தீவுப் பக்கம் பிடித்தது, விடியுமுன்னா விடிந்த பிறகா என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் வீட்டில், அவர் பெண்டாட்டி ஷிகேனோ வளர்த்ததெல்லாம் பிளாஸ்டிக் மீன்.

வளர்த்தது என்பது என் சொல் இல்லை, அவள் சொல். நான் குளத்தங்கரைக் கோயிலில் கூட்டுகிறவள். அவள் ரயில் பெட்டிகளைக் கூட்டுகிறவள். ரெண்டு பேரும் ஒரே கடையில் துடைப்பம் வாங்குவோம், அப்படித்தான் பழக்கம்.

ரயிலில் பென்டோ சாப்பாடு வாங்குகிறவர்கள் டப்பாவைக் காலி செய்து இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்கிப்போவார்கள். டப்பாவின் மூலையில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு மீன் குப்பி கிடக்கும். வயிற்றில் சோயா சாறு, மூக்கில் சிவப்பு மூடி. மூடியைத் திருகி வயிற்றை அமுக்கினால் சாறு சொட்டும். அதோடு அதன் பிறவி முடிந்தது. ஆனால் ஒரு மழை நாளில் யாரோ ஒரு பயணி, சாறு தீர்ந்த மீனை ஜன்னல் கட்டையில் கடலைப் பார்த்தபடி நிறுத்தி வைத்துவிட்டு இறங்கியிருந்தார். ஷிகேனோவுக்கு அதைக் குப்பையில் போடக் கை வரவில்லை. ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நான் சொல்லப்போகிற வருஷத்தில் அது நடந்து பதினாறு வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் அறுநூற்றுப் பன்னிரண்டு சேர்ந்துவிட்டது.

பார்க்க எல்லாம் ஒரே மாதிரி என்று நானும் நினைத்தேன். அவள் விடவில்லை.

"அக்கா, நல்லாப் பாருங்க. இவரு முறைக்கிறாரு. இவருக்குப் பல்வலி. இந்தக் குண்டரு ஹக்காத்தா வண்டியில வந்தவரு, சாப்பாட்டுக்குக் குறைவில்லாத ஊரு. இதோ இவரு மாமியார் வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பினவரு."

"மாமியார் வீடுன்னு எப்படித் தெரியும்?"

"முகத்தப் பாருங்க."

பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

அத்தனையிலும் அவளுக்கு உசத்தி ஒருவர். வார்ப்பில் ஏதோ பிசகி, கண் பதியாமலே வந்தவர். பச்சை மூடி. "தியானத்துல இருக்கறவர்" என்று அவருக்குப் பெயர். அவருக்கு மட்டும் தனிப் பெட்டி, அடியில் பருத்தித் துணி.

கான்சோவுக்கு இது பெரிய தலைவலி. சங்கரா மீன் அடுக்குகிற பெட்டிகளில் பாதியை இவள் எடுத்துவிட்டாள். ராத்திரிச் சாப்பாட்டில் தினமும் இதே பேச்சு.

"ஊரெல்லாம் மீனத் தின்னுட்டு முள்ளப் போடுறான். நீ முள்ளே இல்லாத மீன அள்ளிட்டு வர்ற."

"உங்க மீன் மூணாம் நாள் நாறும். என்னோடது பதினாறு வருஷமா இருக்கு."

"அது மீனே இல்லடி. குப்பி."

"மீன்தான்."

"குப்பி."

"மீனு. சூப்பக் குடிங்க, ஆறிடும்."

எங்கள் ஊர் மீன் வியாபாரிகள் வருஷத்துக்கு ஒரு தரம், இலையுதிர் காலத்தில், கோயில் குளத்தில் மீன் விடுவார்கள். உயிரை விற்றுப் பிழைக்கிறோமே என்று புத்தரிடம் கேட்கிற மன்னிப்பு அது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு மரத்தொட்டியில் உயிருள்ள மீன் வரும். கோயில் பிக்கு டாய்ஷுன் சாமி சூத்திரம் சொல்லுவார், தொட்டியைக் கவிழ்ப்பார்கள். குளத்தில் விட்ட மீன் அமிதா புத்தருக்குச் சொந்தம். அதைத் திரும்பப் பிடிக்கக்கூடாது, கையால் தொடவும் கூடாது. வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் சத்தியம் அது. குளக்கரைப் பலகையிலும் எழுதியிருக்கிறது.

அந்த வருஷம் கான்சோ வீட்டு முற்றத்தில், குழாயடியில், ரெண்டு தொட்டி நின்றது. ஒன்றில் முப்பது கெண்டை. இன்னொன்றில் ஷிகேனோவின் மீன்கள். இலையுதிர் காலத்தில் முன்னோர்களைக் கும்பிடுகிற வாரத்துக்கு முன்னால் வீட்டில் எல்லாவற்றையும் கழுவிவிட வேண்டும் அல்லவா? அவள் அறுநூற்றுப் பன்னிரண்டையும் அரிசி கழுவிய தண்ணீரில் ஊறப்போட்டு, மிதக்காமல் இருக்கத் தட்டு கவிழ்த்து, மேலே துணி கட்டிவிட்டு விடிகாலை வேலைக்குப் போய்விட்டாள். கெண்டைத் தொட்டிக்கும் அதே துணி, அதே முடிச்சு. முடிச்சுப் போட்ட கை ஒன்றுதானே.

கான்சோ ஏலத்திலிருந்து தூக்கக் கலக்கத்தோடு வந்து ஒரு தொட்டியை வண்டியில் ஏற்றினார். பிறகு என்னிடம் சொன்னார்: "வழியெல்லாம் ஒரு துள்ளல் இல்ல. கோயிலுக்குப் போற மீனு, மரியாத தெரிஞ்ச மீனுன்னு நெனச்சேன்."

பத்து மணிக்குச் சடங்கு தொடங்கியது. சாமிக்குக் கண் பார்வை மங்கல், குரல் மட்டும் வெண்கலம். பெயரும் எண்ணிக்கையும் வாசித்தார்: "மீன் வியாபாரி கான்சோ வீடு, முப்பது உயிர்." கான்சோ முடிச்சை அவிழ்த்தார், தலைகுனிந்து கண்ணை மூடினார், தொட்டியைச் சாய்த்தார்.

வெள்ளைத் தண்ணீர் குபுகுபுவென்று இறங்கியது. பின்னால் தட்டு விழுந்தது. அதற்கும் பின்னால் அறுநூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரே சமயத்தில் மேலே வந்தார்கள். மூக்கைத் தண்ணீரில் நட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு, குளம் முழுக்க.

நான் "நமு அமிதா" என்று ஆரம்பித்து மேலே சொல்ல மறந்து நின்றேன்.

"எல்லாம் மேல வந்துடுச்சே, செத்துப்போச்சா?" என்றார் சாமி.

மீன் வியாபாரிகள் எட்டிப் பார்த்தார்கள். பிறவிக் குணம் போகுமா?

"சாளைக் குஞ்சு மாதிரி இருக்கு."

"சாளைக்கு ஏதுய்யா சிவப்பு மூக்கு?"

"தென்கடல் சாதியா இருக்கும்."

"கண்ணாடி மாதிரி வயிறு. குடலே இல்லையே."

மீன் வியாபாரிகள் சங்கத்துத் தலைவர் இவாசே-சான் முட்டி போட்டு உட்கார்ந்து, வெகுநேரம் பார்த்து, எழுந்து கான்சோவின் பக்கம் திரும்பினார். "கான்சோ, இதுல மூடி இருக்கு."

அந்த நேரம் பார்த்து ஷிகேனோ படியேறி ஓடிவந்தாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போய், தன் மீன்களை அலசலாம் என்று தொட்டிக்குள் கைவிட்டிருக்கிறாள். உள்ளே இருந்தது கையில் ஒரு அடி அடித்ததாம். "பதினாறு வருஷத்துல ஒரு நாளும் அவங்க என்ன அடிச்சதில்லையேக்கா" என்று மூச்சு வாங்கினாள். குளத்தைப் பார்த்தாள். குளத்து மீன்கள் அரிசித் தண்ணீர் வாசனைக்கு வந்து, ஒவ்வொருவரையும் வாயில் வாங்கி, சுவைத்துப் பார்த்து, துப்பிக்கொண்டிருந்தன.

அவள் செருப்பைக் கழற்றி இறங்கப் போனாள். இவாசே-சான் தடுத்தார். "இறங்கக் கூடாதும்மா. சூத்திரம் சொல்லி விட்டாச்சு. இனிமே அது புத்தரோட மீன். எடுத்தா எங்க சத்தியம் என்ன ஆகறது?"

"அது என்னோட மீனு."

"மீன்னு நீயே சொல்றியே. அப்ப தொடக்கூடாது."

நான் வாயைத் திறந்திருக்க வேண்டாம். ஆனாலும் சொன்னேன்: "மீனா இருந்தாத்தானே தொடக்கூடாது? தண்ணி மேல மெதக்கற குப்பைய நான் தினமும் வலை போட்டு எடுக்கறேன். அதுக்குத்தான் என்ன வெச்சிருக்கு."

எல்லாரும் யோசித்தார்கள். நியாயம்தான் என்றார் சாமி. பிறகு ஷிகேனோவைக் கேட்டார், கனிவாகத்தான் கேட்டார்: "சொல்லும்மா. இது மீனா, குப்பையா?"

குப்பை என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அத்தனை பேரும் கரையேறிவிடுவார்கள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். அவள் குளத்தை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை பார்த்தாள். பல்வலிக்காரர் அவள் காலடிக்குப் பக்கத்திலேயே மிதந்துகொண்டிருந்தார்.

"மீன்தான் சாமி" என்றாள்.

இவாசே-சான் பெருமூச்சு விட்டார். முடிந்தது என்று நான் துடைப்பத்தை எடுத்தேன்.

கான்சோ தொண்டையைச் செருமினார். "மீன் இல்ல சாமி. சோயாக் குப்பி. ரயில்ல மத்தவங்க துப்பின குப்ப. முப்பது வருஷமா மீன் விக்கறவன், வித்தியாசம் தெரியாமக் கொண்டாந்து புத்தர் குளத்துல கொட்டிட்டேன். என் பேரச் சொல்லியே எழுதிக்குங்க."

முன் வரிசையில் ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து சந்தையில் அவருக்குக் குப்பி கான்சோ என்றுதான் பெயர். அவர் மீனைக் குனிந்து பார்த்தால், "மூடி இருக்கான்னு பாத்துக்கோ" என்பார்கள்.

ஷிகேனோ சிரிக்கவில்லை. "குப்பையா? எங்க, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

"நீ சும்மா இரு. வலை வருது பாரு."

நான் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு நமு அமிதா சொல்லி வலையைப் போட்டேன். தப்பாக இருந்தால் புத்தர் பொறுத்துக்கொள்வார். எண்ணினோம், அறுநூற்றுப் பதினொன்று. மறுபடி எண்ணினோம், அதேதான். தியானத்தில் இருந்தவரைக் காணோம். ஷிகேனோ அழுதேவிட்டாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதிலிருந்து ஷிகேனோ புருஷனோடு பேசவில்லை. காரணம் கேட்டேன். "உயிர்கள எல்லாம் காப்பாத்திட்டாரு, சரி. மத்தவங்க முன்னால குப்பன்னுட்டாரேக்கா" என்றாள். கெண்டைகளைக் குளிக்கிற தொட்டிக்கு மாற்றிவிட்டார்கள். அவற்றைக் குளத்தில் விடுவதைச் சங்கத்தில் நல்ல நாள் பார்த்து மூன்று நாள் தள்ளிவைத்திருந்தார்கள். அதுவரை கான்சோ பொதுக் குளியலறைக்குப் போனார். வீட்டில் என்ன ஆச்சு என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்து முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் இலை வாரும்போது பார்த்தேன். தாமரை இலைக்குப் பின்னால், கல்விளக்கின் நிழலில், பச்சை மூடி. ஓடிப்போய் ஷிகேனோவைக் கூட்டிவந்தேன். வலையையும் கையில் கொடுத்தேன்.

அவள் குத்துக்கால் போட்டு வெகுநேரம் பார்த்தாள். ஒரு ஆமை அவரை முட்டியது. அவர் கொஞ்சம் ஆடி, மறுபடி நேரானார்.

"இருக்கட்டும்க்கா" என்றாள்.

"எடுக்கலையா? இவருக்காகத்தானே அழுத?"

"மத்தவங்க எல்லாம் குப்பைன்னு பேர் வாங்கி வெளிய வந்தாங்க. இவரு ஒருத்தராவது மீனா இருக்கட்டும்."

"ஆம முழுங்கிட்டா?"

"அன்னிக்கே குளத்துல எல்லாம் வாயில வெச்சுப் பாத்துத் துப்பிட்டுதுங்களே. அதுங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு."

அப்புறம் கான்சோ கெண்டைகளைக் கொண்டுவந்தார். இந்தத் தடவை இவாசே-சான் தானே துணியை அவிழ்த்து, ஒவ்வொன்றையும் பார்த்து, ஒன்றைத் தொட்டும் பார்த்துவிட்டுத்தான் விடச் சொன்னார். முப்பதும் துள்ளிக்கொண்டு போயின. சாமி அந்த வருஷத்துப் பலகையையும் தூரிகையையும் எடுத்தார்.

"கான்சோ வீடு, முப்பது."

கான்சோ கல்விளக்குப் பக்கம் பார்த்தார். பார்த்ததும் அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கண்ணைப் பார்த்தே மீனைச் சொல்லுகிறவர், கண்ணே இல்லாத ஒன்றையும் கண்டுகொண்டார். பிடரியைச் சொறிந்தார்.

"முப்பத்தொண்ணுன்னு எழுதுங்க சாமி."

"முப்பதுதானே விட்டே?" என்றார் இவாசே-சான்.

"ஒண்ணு முன்னமே வந்து உக்காந்திருக்கு."

சாமி கேள்வி கேட்காமல் எழுதினார். கண் தெரியாததும் சில சமயம் நல்லதுதான். பலகை இன்றைக்கும் சுவரில் தொங்குகிறது. தூசு தட்டும்போதெல்லாம் அந்த எண்ணை வாசித்துக்கொள்வேன்.

ஷிகேனோ படியிறங்கும்போது, மூன்று நாளைக்கு அப்புறம் முதல் தடவையாகப் புருஷனைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"ஏங்க. வீட்டுக்குப் போனதும் குளிக்கிற தொட்டிய நல்லாத் தேச்சுக் கழுவுங்க. உங்க மீன் நாறுது."