வெளியே போன ஸ்கிரீன்ஷாட்

ஆசிரியர் அறையில் அவளுக்கு வைத்த பெயர் ‘புதுசு’. இயற்பியல் எடுக்க வந்து ஒரு பருவம் முடிந்த பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டே இருந்தது. ஜன்னலோர மேசைகள் மூத்தவர்களுக்கு. கழிவறைக் கதவை ஒட்டிய மேசை இவளுக்கு.

ஒன்பதாம் வகுப்பு அவளைப் பாடாய்ப் படுத்தியது. கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், பின்வரிசையில் ஒருவன் ‘ம்ம்’ என்று முனகுவான், வகுப்பே சேர்ந்துகொள்ளும். எதிர் மேசைக் கணக்கு மேடத்திடம் யோசனை கேட்டாள். அவர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்ததோடு சரி.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது, ஆசிரியர்களுக்கான ஆன்லைன் குழு ஒன்றில் உள்ளதை உள்ளபடி எழுதினாள். வகுப்புக்குள் நுழையவே பயமாக இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. குத்தல் பதில்கள்தான் குவிந்தன. வேலையை விட்டுவிடச் சொன்னவர்களும் உண்டு. வேறு ஊர் வேதியியல் ஆசிரியை ஒருத்தி மட்டும், பாடத்தை முன்பே பெரிய தாளில் எழுதி மாட்டிவிட்டு, முதுகைக் காட்டாமல் நடத்தச் சொன்னாள். அப்படியே செய்தாள். முனகல் நிற்கவில்லை, ஆனால் முனகுவது யாரென்று தெரிந்துவிட்டது. அதுவே பாதி நிம்மதி.

அந்த வாரமே தலைமை ஆசிரியர் கூப்பிட்டார். அவள் எழுதியது ஸ்கிரீன்ஷாட்டாக அவர் போனில் இருந்தது.

“பள்ளிக்கூடத்து மானத்தை இப்படிக் கப்பலேத்தணுமா?”

“பள்ளிக்கூடத்துப் பேரே போடலையே சார்.”

“உன் பேரு இருக்குல்ல? அழிச்சிட்டு, அங்கயே மன்னிப்புக் கேளு.”

வெளியே வந்தபோது கணக்கு மேடம் அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல் நின்றிருந்தார். அவரும் அந்த ஆன்லைன் குழுவில் இருந்திருக்க வேண்டும். யார் வேலை என்று புரிந்துபோனது.

அழித்தாள், மன்னிப்புக் கேட்கவில்லை. அதன்பிறகு ஆசிரியர் வராத வகுப்பெல்லாம் அவள் தலையில் விழுந்தது. பழைய குழுவை விட்டு வெளியேறி, அந்த வேதியியல் ஆசிரியையோடு சேர்ந்து புதியவர்களுக்கு மட்டும் ஒரு சின்னக் குழு ஆரம்பித்தாள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் வெளியேற்றம். சட்டம் அவ்வளவுதான். பகலெல்லாம் அடக்கிவைத்ததைப் பலரும் அங்கே வந்து கொட்டினார்கள்.

மறு வருடம் கணக்கு மேடத்தின் தங்கை மகள் வேறொரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தாள். வீட்டுக்கு வந்தால் சாப்பிடாமல் அழுகிறாளாம். மேடம் இவள் மேசைக்கு வந்து குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

“உங்க குரூப்ல அவளைச் சேர்த்துக்கணும். நானும் கூட இருந்தா அவளுக்குத் தைரியமா இருக்கும்.”

இவள் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளிலிருந்து நிமிரவில்லை.

“அவ நம்பரைக் குடுங்க. நீங்க வேண்டாம்.”

மேடம் முகம் கறுத்தது. ஒரு துண்டுத்தாளில் நம்பரைக் கிறுக்கி, வீசாத குறையாக வைத்துவிட்டுப் போனார். இருவரும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

அன்று மாலையே அந்தப் பெண் குழுவில் சேர்ந்தாள். வந்ததும் இவளுக்குத் தனியாக ஒரு வரி எழுதினாள்: நான் இங்கே என்ன சொன்னாலும் பெரியம்மாவுக்கு மட்டும் தெரியக்கூடாது.