படையலில் வைத்த பீடி

வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் அம்மன் கோயிலில் எலுமிச்சம்பழ விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். கோயிலுக்குள் போனை எடுக்கிற வழக்கம் எனக்கு இல்லை. விடாமல் அடித்ததால் எடுத்தேன். வேலுதான் பேசினான். என் கொழுந்தனார் ஏகாம்பரத்தின் மச்சினன் அவன். அவர் வீட்டிலேயே பக்கத்துத் தறியில் நெய்கிறவன்.

"அக்கா, மாமா தறியிலயே சாஞ்சிட்டாருக்கா. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு வந்தோம். முடிஞ்சிபோச்சின்றாங்கக்கா."

ஏற்றிய விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஏற்றாததை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அம்மனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சண்டையாகியிருக்கும். நான் சண்டை போட வேண்டியது அவளோடு இல்லை என்பது அன்று மதியமே தெரிந்துவிட்டது.

பிள்ளையார்பாளையத்தில் ஏகாம்பரத்தை அறிந்தவர்களுக்கும் எங்கள் உறவுமுறைக்கும் இதை எழுதுகிறேன். ஐயம்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள் நான். எழுத்தில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் தப்பில்லை. ஏகாம்பரம் பீடியை விட்டதால் சாகவில்லை.

விடுவது அவருக்குப் புதிது இல்லை. கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டால் பீடியைத் தொட மாட்டார். மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய கையோடு பஸ் ஸ்டாண்டிலேயே ஒன்று பற்றவைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். வருஷா வருஷம் இதே கதை. போன வருஷம் மலை ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஊருக்கு வந்ததும் பெரியாஸ்பத்திரிக்கு அவரையும் அவர் பெண்சாதி கஸ்தூரியையும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த டாக்டரம்மா, இத்தனை வருஷத்துப் புகை இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாயை அடைத்திருக்கிறது என்று சொன்னார். மருந்து எழுதிக் கொடுத்தார். மருந்தைவிட முக்கியம் பீடியை விடுவது என்றார். ஏகாம்பரம் வெளியே வந்து, இடுப்பில் இருந்த பீடிக்கட்டைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

"தம்பி, நேரா கோயிலுக்குப் போயி சத்தியம் பண்ணிடுப்பா" என்றேன்.

"சாமிய நடுவுல இழுக்காத அண்ணி. நான் வழுக்கி வுழுந்துட்டன்னா அப்பால அவரு மூஞ்சில எப்பிடி முழிப்பேன்? இது எனக்கும் பீடிக்கும் நடக்கற பஞ்சாயத்து."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. விளக்குப் போடாமல் காபி குடிக்காதவள் நான். ஆனால் சாமிக்காக விட்ட பீடியையெல்லாம் அவர் திரும்ப எடுத்திருக்கிறார். இந்தத் தடவை எடுக்கவில்லை. அதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும்.

விட்டவர் பட்ட பாடு உங்களில் பலருக்குத் தெரியாது. பட்டின் மேல் பொறி விழுந்தால் சேலையே போச்சு. அதனால் தறிக்காரர்கள் வீட்டுக்குள் பீடி பிடிப்பதில்லை. ஒவ்வொரு பீடிக்கும், காலை இறக்கி உட்கார்ந்து நெய்கிற தறிக்குழியிலிருந்து எழுந்து தெருமுனைக்குப் போவார்கள். முதுகு நிமிர்வதும் நாலு பேரிடம் பேசுவதும் அந்த நேரத்தில்தான். பீடியை விட்டதும் ஏகாம்பரத்துக்கு எழுந்து போக ஒரு சாக்கு இல்லாமல் போய்விட்டது. குழிக்குள் கால் நிற்காமல் ஆடும். விரல் நடுங்கி ஜரிகை அறும். தூக்கம் இல்லை. தலைவலி, வாயெல்லாம் புண். போதாததற்கு, விட்ட பிறகு இருமல் கூடிவிட்டது. நெஞ்சு தன்னைச் சுத்தம் செய்துகொள்கிறது, பயப்படாதீர்கள் என்றார் டாக்டரம்மா. ஆசை எழும்பினால் கொஞ்ச நேரம் உச்சத்தில் நின்று தானே இறங்கிவிடும், அதுவரைக்கும் தண்ணீர் குடியுங்கள், நடங்கள், வாயில் எதையாவது போட்டு மெல்லுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார். பீடி பிடிக்கிற நேரத்துக்கெல்லாம் ஏகாம்பரம் எழுந்தார். தெருமுனைக்குப் போகாமல் எதிர்ப்பக்கம் நடந்தார். லவங்கத்தை மென்றுகொண்டு குளக்கரை வரை போய்த் திரும்பினார்.

இந்த நாட்களில்தான் ஒரு மத்தியானம் கஸ்தூரி பக்கத்திலிருக்கும் என் வீட்டுக்கு ஓடி வந்தாள். சாம்பாரில் உப்பு கம்மி என்று தட்டை விசிறி அடித்துவிட்டாராம். புடவை முந்தானையெல்லாம் சோறு.

"பீடி புடிக்கிற மனுசனே தேவலக்கா. கடைக்கிப் போயி ஒண்ணு வலிச்சிட்டு வாய்யான்னு நானே காசு எடுத்து நீட்டினேன். அதுக்கும் கத்தறாரு. நான் இன்னாதான் செய்றது?"

பின்னாலேயே அவர் வந்தார். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"அண்ணி, தட்ட வுட்டெறிஞ்சது பீடியோட கோவம். ஆனா கை என்னுது. பழிய பீடி மேல போட்டா அடுத்த தட்டும் பறக்கும்." பிறகு கஸ்தூரியைப் பார்த்தார். "வூட்டுக்கு வா. தரையெல்லாம் நானே கூட்டிட்டேன். சோறு வடிக்கத்தான் தெரியல."

"கூட்டினியா? அதிசயம்தான். மூலையில கூட்டினியா?" என்றாள் அவள். எழுந்து போய்விட்டாள்.

பிள்ளையார்பாளையத்தில் பெண்சாதிமேல் பாத்திரம் எறிந்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு வாசலில் நின்று கை என்னுது என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். அதற்குப் பிறகு கோபம் வரும்போதெல்லாம் வாயைத் திறக்காமல் வெளியே நடந்துவிடுவார். "ஆச வந்தா வாசல்லயே நிக்க வெச்சிடணும் அண்ணி. உள்ள வந்து குந்துன்னா சோறு கேக்கும்" என்பார்.

அவரைப் பார்த்து வேலுவும் விட்டான். வேலு பயந்த சுபாவம். விட்ட அந்த வாரமே நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, செத்துவிடுவேன் என்று அழ ஆரம்பித்துவிட்டான். ஏகாம்பரம் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ஈசிஜி எடுக்க வைத்தார். இதயத்தில் ஒன்றுமில்லை, பீடி கேட்டு உடம்பு செய்கிற ஆர்ப்பாட்டம் என்று சொன்னார்கள். அப்படியும் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. நான் மோர் கொண்டுபோனபோது இரண்டு பேரும் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்கும் இதே மாதிரிதான்டா அட்ச்சிச்சி. செத்துருவேன்னு நெனச்சி பீரோ சாவிய உங்கக்கா கையில குடுத்துட்டு பாய்ல படுத்துக்கினேன். கொஞ்ச நேரம் பொறுத்து பசி எடுத்திச்சி. எழுந்து இட்லி துன்னேன்."

"சாவி?" என்றான் வேலு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"அதான்டா மோசம். இன்னும் உங்கக்கா திருப்பித் தரல."

வேலு சிரித்துவிட்டான். மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொல்லி, அவனோடு சேர்ந்து அவரும் மூச்சு விட்டார். பஜனை மாதிரி இருக்கிறதே என்று நான் சொன்னேன். "பாட்டு இல்லாத பஜன, அண்ணி. வா, நீயும் குந்து" என்றார்.

அப்படி இருந்தவரைத்தான் அந்த வெள்ளிக்கிழமை வாசலில் கிடத்தினோம். பந்தலில் நாற்காலி போட்டு, ஒன்றின் மேல் தட்டு வைத்தார்கள். வெற்றிலை, பாக்கு, பீடிக்கட்டு, தீப்பெட்டி. சாவுக்கு வந்தவர்களுக்கு நம் பக்கத்தில் வைக்கிறதுதான். இறந்தவர் யார், எதனால் இறந்தார் என்று யோசித்து வைக்கிறதில்லை. எங்கள் பெரிய பங்காளி துரைசாமி அதிலிருந்து ஒன்றை எடுத்துப் பற்றவைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"பழகின ஒடம்புப்பா. கேக்கறத குடுக்கலன்னா அது வுடுமா? நல்லா இருந்த மனுசன் விட்டுட்டான், போயிட்டான். டேய் வேலு, நீயும் ஆட்டம் காட்டாத."

சுற்றி இருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். என் காதால் கேட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களிடம் சொன்னது வேறு. பழைய அடைப்புதான் காரணம், விட்டிருக்காவிட்டால் இன்னும் முன்னாலேயே போயிருக்கலாம் என்றார். அதைச் சத்தமாகச் சொன்னேன். "பொம்பளைக்கி இன்னா தெரியும், போம்மா, உள்ள போயி அழு" என்றார் துரைசாமி. பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிச் சண்டை போடுவது? உள்ளே போனேன். அழுகை வரவில்லை.

அந்தப் பேச்சு துரைசாமியோடு போகவில்லை. வேலுவின் நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. தறியில் இறங்கினால் படபடப்பு. "மாமாவுக்கும் இப்பிடித்தானே அட்ச்சிச்சி. ஒண்ணுமில்லன்னாரு. செத்துட்டாரேக்கா" என்றான். மறுபடியும் டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். மாமாவுக்கு இருந்த அடைப்பு உனக்கு இல்லை, பிடித்தால்தான் வரும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். தலையாட்டினான். கண் மட்டும் பயந்துகொண்டே இருந்தது.

காரியத்தன்று படையல் போட்டோம். தலைவாழை இலையில் வடை, அதிரசம், அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு. நான் கற்பூரம் எடுக்க உள்ளே போய் வருவதற்குள் இலை ஓரத்தில் ஒரு பீடிக்கட்டு. துரைசாமி ஒன்றை உருவிப் பற்றவைத்து, படத்துக்கு முன்னால் ஊதுபத்தி மாதிரி நிறுத்திக்கொண்டிருந்தார். "ஆசையா புடிச்சவன். கட்டசில அதுகூட இல்லாம போயிட்டான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பில்லை. உண்மையாகவே அழுதார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

படையல் முடிந்ததும் இலையில் இருப்பதை உறவுக்குப் பிரித்துக் கொடுப்போம். செத்தவருக்கு வைத்ததை யாரும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. துரைசாமி அந்த எரிகிற பீடியை எடுத்து வேலுவின் விரலிடுக்கில் வைத்தார்.

"உங்க மாமா குடுக்கறதுடா. வேணான்னு சொல்லாத."

வேலு வாங்கிக்கொண்டான். வாய் வரைக்கும் கொண்டுபோனான். நான் இலையைத் தாண்டிப் போவதற்குள் கஸ்தூரி எழுந்துவிட்டாள். தம்பி கையிலிருந்து பீடியைப் பிடுங்கி, படையலுக்கு வைத்த தண்ணீர்ச் சொம்பில் முக்கினாள். புஸ் என்றது. தாலி எடுத்து ஒரு நாள்கூட ஆகாதவள்.

"எம் புருசன் இத குடுப்பாரா? வாயெல்லாம் புண்ணோட தூங்காம கிடந்தாரே, எதுக்கு? நான் காசு நீட்டியே வாங்காத மனுசன். செத்தப்புறம் அவர் பேர்ல குடுக்கறீங்களே, உங்களுக்கு நாக்கு கூசல?"

"படையல்ல கை வெக்கறியே, அவன் ஆத்துமா" என்று ஆரம்பித்தார் துரைசாமி.

இப்போது பிணம் பக்கத்தில் இல்லை. நான் விடவில்லை. "அவரு ஆத்துமா சாந்தி அடையும் பெரியவரே. நீங்க மூச்சி வாங்காம அவரு நடந்த குளக்கரை வரைக்கும் நடந்து காட்டுங்க, அப்பால வந்து ஆத்துமா பேசுங்க" என்றேன். பீடிக்கட்டு முழுதையும் எடுத்துச் சாக்கடையில் போட்டேன். படையலைக் கெடுத்தேன் என்று என்னைப் பற்றி ஊரில் பேசுகிறீர்களாம். பேசுங்கள்.

வேலு இரண்டு நாள் தறியில் இறங்கவில்லை. நேற்று இறங்கினான். சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வேர்வை.

"எப்பிடிப்பா இருக்குது?"

"பயமாத்தாங்கா இருக்குது. பயந்துக்கினே நெய்யறேன்."

ஏகாம்பரத்தின் சட்டை, செருப்பு, போன் எல்லாம் யார் யாருக்கோ போயிற்று. நான் எதையும் கேட்கவில்லை. எனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டுவிட்டேன். அவருடைய கோபம் அது. பெண்சாதி மேலிருந்து எடுத்து, பீடியின் மேல் அவர் திருப்பி வைத்த கோபம். அது இப்போது என்னிடம் இருக்கிறது. தினமும் விளக்கு ஏற்றும்போது, இதைத் தணித்துவிடாதே தாயே என்றுதான் கேட்கிறேன். இனி நம் உறவில் எந்தச் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வருவேன். நாற்காலியில் வெற்றிலை வையுங்கள், பாக்கு வையுங்கள். அதோடு பீடியும் இருந்தால், யார் வீடு என்று பார்க்காமல் தட்டோடு கவிழ்ப்பேன்.